தொப்புள் தையல்

ஜனவரி 8

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அண்ணிக்கு மட்டும் இளைப்பு விட்டபாடில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பழையபடி நின்றுகொண்டே விழுங்குகிறாயா?

கடையின் கதையைக் கேட்காதே. ஆயத்த ஆடை வந்த பிறகு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி, காலர் மாற்றுவதும் பாவாடைக்கு நாடா கோப்பதும்தான் மிச்சம். அதனால் இரண்டு வருஷத்துக்கு மேலாகச் சடை நாய் வளர்க்கிறேன். சின்ன ஜாதி, பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும். தாயின் பெயரே பஞ்சு. ஆண் ஒன்று இருக்கிறது, துரை. பெயருக்கேற்ற திமிர்.

ஆனால் சுண்டு, இந்தத் தொழிலைப் போல ஒரு நாற்றத்தை நான் கண்டதில்லை. வெட்டுமேசைக்கு அடியில்தான் குட்டிகள். தைத்து மடித்த துணியில் மூத்திரம். நேற்று ஒருவர் கால்சட்டையை விரித்து மோந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். 

எழுத வந்த விஷயம் இதுதான். நாலு குட்டி. மூன்றுக்குத் தொப்புளில் கோலிக்குண்டு மாதிரி புடைப்பு. தொட்டால் வழுவழுவென்று உள்ளே போகிறது, விட்டால் வெளியே வருகிறது. தொடவே அருவருப்பாக இருக்கிறது. இது என்ன? என் தங்கை நீதான் நாய் டாக்டர் ஆயிற்றே. இங்கிருக்கும் ஆஸ்பத்திரி டாக்டருக்கு மாடும் ஆடும்தான் தெரியும்.

இந்த ஊருக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகக் கூடாதா?

அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் பயந்தேன், இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருகிறதே என்று. படித்த பிறகு சிரித்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆமாம், நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன்.

நீ சொல்வது தொப்புள் குடலிறக்கம். தாய் வயிற்றில் கொடி வந்து சேர்ந்த ஓட்டை, பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் போனால் உள்ளேயிருக்கும் கொழுப்போ குடலோ அந்த வழியாக எட்டிப் பார்க்கும். சின்ன ஜாதி நாய்களில் இது அதிகம். மெதுவாக அழுத்தினால் உள்ளே போகிறது என்றாய் அல்லவா, அது நல்லது. விரல் நுனி அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். அதுவரை ஒன்றும் செய்யாதே. துணியால் கட்டுவது, பிளாஸ்திரி ஒட்டுவது எதுவும் வேண்டாம். பெரிதாக இருந்தால் அப்போது அறுவை செய்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கவனி. புடைப்பு கல்லாக இறுகினாலோ, சூடாக இருந்தாலோ, குட்டி வாந்தி எடுத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. குடல் சிக்கி அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மூன்று குட்டிக்கு என்றால் இது பரம்பரையாக வருகிறது. பஞ்சுவைத் துரையோடு இனி சேர்க்காதே. இரண்டும் ரத்த சொந்தமா? எங்கே வாங்கினாய்?

அண்ணியை நாய் முடியிலிருந்து தள்ளியே இருக்கச் சொல். இளைப்பு அதனால்தான்.

சுண்டு


பிப்ரவரி 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம்தான். மழை இல்லை, தூசிதான். அண்ணி உன்னை விசாரித்தாள்.

உன் கடிதத்தைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். என் தங்கை கத்தி பிடிக்கிறவள் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தேநீர்க்கடைக்காரன், "நாய்க்கெல்லாமா ஆபரேஷன் பண்ணுவாங்க?" என்று கேட்கிறான். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நீ அந்த ஆபரேஷனை எப்படிச் செய்வாய் என்று எனக்கு விளக்கமாக எழுது. எங்கே வெட்டுவது, எப்படி உள்ளே தள்ளுவது, என்ன நூல், என்ன முடிச்சு. டாக்டருக்கு எழுதுகிற மாதிரி எழுதாதே, தையல்காரனுக்கு எழுதுகிற மாதிரி எழுது. நம் வீட்டில் இரண்டு பேரும் ஊசி பிடித்தே பிழைக்கிறோம் என்று நினைத்தால் ஒரு பெருமை.

குட்டிகள் துள்ளுகின்றன. அவை கழித்ததை அள்ளித்தான் என் பாதி நாள் போகிறது.

உன் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணா,

நான் நலம். என் வேலையைப் பற்றி நீ கேட்டது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் பாதி நாள் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படி.

குட்டி நாலைந்து மாதமாவது ஆகட்டும் என்று காத்திருப்போம். பெரிய நாய் போல இரவெல்லாம் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் போதும். பிறகு மயக்க மருந்து. இது இல்லாமல் ஊசி முனைகூட உடம்பில் படக் கூடாது. இந்த வரியின் கீழே கோடு போட்டிருக்கிறேன், பார். உள்ளங்கை அளவு உடம்பு, அந்த வலியிலேயே இதயம் நின்றுவிடும். மருந்தும் துளித்துளியாக அளந்துதான் போக வேண்டும். அடியில் வெந்நீர்ப் பை, இல்லையென்றால் குளிர்ந்து போகும்.

பிறகு முடி மழித்து, மூன்று முறை துடைத்து, புடைப்பின் மேல் தோலை மட்டும் வெட்டுவேன். உனக்குப் புரியும்படி சொன்னால் மேல்துணியை மட்டும், உள்துணி கத்தியில் படாமல். உள்ளே ஒரு பை இருக்கும். அதிலிருப்பதை வயிற்றுக்குள் தள்ளுவேன். பிசிறு வெட்டுவது போல ஓட்டையின் விளிம்பைச் சற்றுச் சீவிவிடுவேன். பச்சை விளிம்பும் பச்சை விளிம்பும்தான் ஒட்டும். பிறகு வளைந்த ஊசி, தானே கரையும் நூல். ஒவ்வொரு தையலும் தனித்தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும். பட்டனுக்கு நீ போடுவாயே, நூலைத் திருப்பிச் சுற்றி இழுக்கும் முடிச்சு, எட்டு வயதில் எனக்குக் கற்றுக்கொடுத்தாய். முதல் நாள் அதைத்தான் போட்டேன். எங்கள் பெரிய டாக்டர், "இது எந்தக் கல்லூரி முடிச்சு?" என்று கேட்டார்.

கடைசியில் தோல். பத்து நாள் நக்காமல் கழுத்தில் கூம்புப் பட்டை. அவ்வளவுதான். சுத்தமாகச் செய்தால் இருபது நிமிஷ வேலை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பஞ்சுவும் துரையும் சொந்தமா?

அண்ணிக்கு என் அன்பு.

சுண்டு


ஏப்ரல் 20

அன்புள்ள சுண்டுவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை அப்படி. எனக்கு இப்போது சின்னச் சின்னத் தையல் வேலை நிறைய வருகிறது. உன் ஊரில் குட்டி விற்கும் கடைக்காரர் ஒருவர் பழக்கமாகியிருக்கிறார், அவர் மூலமாகவும் வருகிறது. கை நிற்க நேரமில்லை.

குட்டிகள் நல்ல இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்று தவறிவிட்டது, பலவீனமான குட்டி. மற்றவற்றின் புடைப்பு சரியாகிவிட்டது, வயிறு பலகை மாதிரி தட்டையாக இருந்தது. பஞ்சு மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டாள். துரை சும்மா இருப்பானா?

ஒரு உதவி. வண்டி இருக்கை உறைகள் தைக்கத் தோல் வேலை வந்திருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் வளைந்த ஊசி பழசு இருந்தால் பத்துப் பதினைந்து அனுப்பு. புண்ணுக்குப் போடும் மருந்துப் பொடியும் கொஞ்சம், கை அடிக்கடி குத்திக்கொள்கிறது.

உன் அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை. வீடு நாறுகிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மூக்கு பழகிவிட்டது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்


மே 3

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாம் சுகம். உன் கை எப்படி இருக்கிறது? பொடி அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒதுக்கிவைத்த ஊசிகள் ஒரு பெட்டி கிடைத்தது, அதையும் அனுப்பியிருக்கிறேன். தோலுக்கு நன்றாகவே போகும்.

ஒன்று உறுத்துகிறது. மூன்று குட்டிக்கும் மூன்று மாதத்துக்குள் மூடிக்கொண்டது அதிர்ஷ்டம்தான். ஆனால் துரையோடு மறுபடி சேர்த்தாயே, அண்ணா? வேண்டாம் என்று எழுதினேனே. அண்ணி ஏன் சாப்பிடுவதில்லை? நாய்கள் இருக்கும் வீடு நாறத்தான் செய்யும், அதற்காக யாரும் சோற்றை ஒதுக்குவதில்லை. அண்ணியை ஒரு டாக்டரிடம் காட்டு.

சுண்டு


ஜூன் 24

அண்ணா,

நான் நலமாக இல்லை. மூன்று நாளாக எது சாப்பிட்டாலும் வெளியே வருகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று பிறகு கேட்கிறேன்.

திங்கட்கிழமை ஓர் ஆசிரியை ஒரு வெள்ளைச் சடைக்குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வாங்கி இரண்டரை மாதமாகிறதாம். ஒரு வாரமாக வாந்தி. அறைக்குள் வந்ததுமே வாடை வந்துவிட்டது. பத்து வருஷமாகச் சீழுக்கும் புழுவுக்கும் நடுவில் நிற்கிறவள் நான். ஜன்னலைத் திறந்துவிட்டு வந்துதான் தொட்டேன்.

தொப்புளைச் சுற்றி முடியெல்லாம் பசை போட்டது போல ஒட்டியிருந்தது. மழித்தபோது முடியோடு தோலும் வந்தது. அடியில் சீழ் பழுப்பாக, நூல் நூலாக வடிந்தது. "நக்கிக்கிட்டே இருக்கும் டாக்டர், நான் ஆசையில நக்குதுன்னு நெனச்சேன்" என்றார் அந்த அம்மா.

மயக்கம் கொடுத்துத் திறந்தேன். குடலை முழுவதும் உள்ளே தள்ளவில்லை, அண்ணா. பாதி தள்ளி, மீதியைச் சுவரோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மேல்துணியைத் தைக்கும்போது அடியில் சிக்கிய துணியையும் சேர்த்துத் தைத்துவிடுவோமே, அப்படி. தைத்த இடத்தில் குடல் கறுத்து, கையில் எடுத்ததும் கூழாகப் பிரிந்தது. நூல் கரையவில்லை. சட்டை பட்டனுக்குப் போடும் முறுக்கு நூல், மெழுகு தடவியது. அதில் திருப்பிச் சுற்றி இழுத்த முடிச்சு. ஏழு முடிச்சு. ஏழும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அவ்வளவு அழகான தையலை இந்த ஆஸ்பத்திரியில் யாராலும் போட முடியாது.

குட்டி செவ்வாய்க்கிழமை செத்துவிட்டது.

அந்த அம்மா குட்டி வாங்கிய கடைக்குப் போனேன். கூண்டு மேல் கூண்டு. மேல் கூண்டில் கழித்தது கீழ்க் கூண்டுத் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னார். "தொப்புள் துருத்தின குட்டிய எவன் வாங்குவான்? ஒரு டெய்லர் இருக்காரு, அவர்கிட்ட அனுப்பினா தட்டையாக்கிக் குடுத்துருவாரு. அவரு தங்கச்சி பெரிய டாக்டரு."

அது நீ இல்லை என்று எழுது. ஒரு வரி போதும்.

சுண்டு


ஜூலை 5

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலம் பெற வேண்டும் என்பதுதான் என் முதல் விருப்பம். இவ்வளவு படபடப்பு உன் உடம்புக்கு ஆகாது.

அது நான்தான். ஒளிக்க இதில் என்ன இருக்கிறது? ஊருக்கெல்லாம் தைக்கிறவன் நாய்க்குத் தைத்தால் தப்பா? நீயும் வெட்டித்தான் தைக்கிறாய், நானும் வெட்டித்தான் தைத்தேன். உனக்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது, எனக்குக் கை இருக்கிறது. உன்னிடம் வருகிறவை சாவதே இல்லையா? அந்தப் புடைப்போடு விட்டால் ஒருவனும் வாங்க மாட்டான். விற்காத குட்டியைக் கடைக்காரர் சாக்கில் கட்டிச் சாக்கடையில் போடுகிறவர். நான் செய்ததால் சிலவாவது பிழைத்தன. அதை எண்ணிப் பார்.

முகம் சுளிக்காதே. நீ கையுறை போட்டுக்கொண்டு தொடுவதை நான் வெறும் கையால் தொட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. நீ யாரிடமாவது இதைச் சொல்லலாமா என்று யோசிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? உன் பிப்ரவரிக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தையல் மெஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். உன் கையெழுத்து, நீ அனுப்பிய ஊசி, நீ அனுப்பிய பொடி. யாராவது கேட்டால் நான் பொய் சொல்ல முடியுமா? ஆனால் யாரும் கேட்கப் போவதில்லை. நீ நிம்மதியாக இரு.

பஞ்சு ஐந்து குட்டி போட்டிருக்கிறாள். எல்லாம் வெள்ளை.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜூலை 9

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மனைவி எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பீர்கள். நான் இருக்கிறேன்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை அவர் குப்பையில் போட்டிருந்தார். எடுத்துப் படித்தேன். மூன்று நாளாகச் சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் மார்ச் மாதத்திலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

மொத்தம் பதினோரு குட்டி. நம் வீட்டுக்குட்டி மூன்று, கடைக்காரர் அனுப்பியது எட்டு. வெட்டுமேசையில் பழைய போர்வையைப் போட்டுச் செய்தார். ஊசியைத் தேநீர் போடும் பாத்திரத்தில் கொதிக்கவைத்தார். அதன் பிறகு அந்தப் பாத்திரத்தில் நான் எதையும் காய்ச்சவில்லை. அவர் காய்ச்சிக் குடித்தார். நான் குட்டியை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவர் உங்கள் கடிதத்தைச் சுவரில் குத்திவைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து, படித்தபடி செய்தார். "டாக்டர் சொன்னது, டாக்டர் சொன்னது" என்று சொல்லிக்கொண்டே. ஐந்து குட்டி இங்கேயே செத்தன. கொல்லையில் நான்தான் புதைத்தேன். ஒன்றை வேறு நாய் தோண்டிவிட்டது. திரும்பவும் புதைத்தேன்.

துரை பஞ்சுவின் மகன். நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள், அவர் இரண்டு தடவையும் சிரித்தார்.

இப்போது ஐந்து குட்டியில் நாலுக்குப் புடைப்பு. கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருக்கிறார். நேற்று மேசையைக் கழுவினார்.

என்னால் இனிமேல் பிடிக்க முடியாது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மனைவி


ஜூலை 14

அன்புள்ள அண்ணி,

உங்கள் இளைப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை நீங்கள் 'நீங்கள்' என்று எழுதியதில்லை. அதைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிளம்புங்கள். பஞ்சு, துரை, ஐந்து குட்டி, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு முதல் பேருந்தில் வாருங்கள். குட்டிகளைக் கூடையில் துணி போட்டுத் தாயோடு வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடிக்கின்றனவா என்று பாருங்கள். அண்ணன் கேட்டால் நான் வரச் சொன்னேன் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம்.

நேற்று பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் கடிதம், ஊசி, பொடி, எல்லாம்.  அவர், "ஊசிய எண்ணிப் பாத்தா குடுத்தே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வண்டி சீட்டுக்குப் புண்ணு மருந்து எதுக்குன்னு உனக்குத் தோணலையா?" என்றார்.  அண்ணன் என் வேலையைப் பற்றிக் கேட்டான் என்ற மயக்கத்தில் இருந்தேன். விசாரணை முடியும்வரை நான் கத்தி தொடக் கூடாது. அண்ணன் பெயரையும் கடையின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பேருந்து நிலையத்தில் நிற்பேன்.

சுண்டு


செப்டம்பர் 2

அண்ணா,

நீ நலமா என்று விசாரிக்காமல் நான் எழுதும் முதல் கடிதம் இது. நாய்களின் நலத்தை மட்டும் எழுதுகிறேன், அதையும் நீ கேட்கவில்லை.

துரைக்கும் பஞ்சுவுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. அண்ணி கணக்குப்படி பஞ்சு மூன்று வருஷத்தில் ஐந்து முறை ஈன்றிருக்கிறாள். அவள் கர்ப்பப்பை ஈரக் காகிதம் மாதிரி இருந்ததாகப் பெரிய டாக்டர் சொன்னார். புடைப்பு இருந்த நாலு குட்டிகளில் இரண்டுக்கு அது தானாகவே மூடிக்கொண்டது. கேட்டாயா? யாரும் தொடவில்லை. இன்னொன்றுக்கும் சுருங்கிக்கொண்டே வருகிறது. உன் மேசையில் படுத்த பதினொன்றில் எத்தனைக்கு ஒன்றுமே தேவைப்பட்டிருக்காது என்று எண்ணிப் பார். என் கடிதத்தைத் தேடியிருப்பாய். அண்ணி இழுப்பறையை உளியால் நெம்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கடிதம் இங்கே வந்துவிட்டது, ஆனால் நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் போன இடம் வேறு. உன் கடைக்குச் சீக்கிரம் ஆள் வருவார்கள். அவர்களிடம் நீ என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.

அண்ணி வந்து ஆறு வாரமாக என் வீட்டில் இருந்தாள், ஆனால் என்னிடம் பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், "ஆமாங்க டாக்டர்," "இல்லைங்க டாக்டர்" என்று. நான் வைத்த சோற்றை எடுத்துக்கொண்டு போய் நாய்களின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். உன் மேலுள்ள வெறுப்பை என் மேல் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

நாலாவது குட்டிக்குப் போன வியாழக்கிழமை புடைப்பு இறுகிவிட்டது. காத்திருக்க முடியாத நிலை. பெரிய டாக்டர் செய்தார். நான் வெந்நீர்ப் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன், அதற்குத்தான் எனக்கு அனுமதி. அண்ணி தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். முகமூடி கட்டி மூலையில் நிற்க வைத்தோம்.

டாக்டர் ஊசி போட்டார். குட்டி தலையைத் தொங்கப்போட்டது. அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"செத்துப்போச்சா?"

"இல்ல அண்ணி. மயக்க மருந்து. தூங்குது."

"எதுக்குத் தூங்கணும்?"

"வலி தெரியாம இருக்கத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். "மூணு மாசம் வரைக்கும் குட்டிங்களுக்கு வலி தெரியாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

பெரிய டாக்டரின் கை நின்றது. பிறகு அவர் வேலையைத் தொடர்ந்தார்.

நீ என்ன படித்துக் காட்டினாய் என்பதை அண்ணி அங்கேயே, அந்த விளக்குக்கு அடியில் நின்று சொன்னாள். டாக்டரே எழுதியிருக்கிறாள், இதுகளுக்கு வலி தெரியாது, கத்துவதெல்லாம் பயத்தில்தான் என்று நீ சுவரைப் பார்த்து வாசித்தாயாம். இரண்டு கையிலும் குட்டி இருந்ததால் அவள் எட்டிப் பார்க்கவில்லை. படித்தவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாளாம். நம்பினாலும் அந்தச் சத்தம் பயத்தின் சத்தமாக அவளுக்குப் படவில்லை. அதனால் என்னை வெறுத்தாள். இப்படி எழுத ஒருத்திக்கு எப்படி மனசு வந்தது என்று மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் என்னைத் திட்டியிருக்கிறாள். இழுப்பறையை உடைத்து எடுத்த கடிதத்தைக்கூட அவள் பிரித்துப் பார்க்கவில்லை. அதில் இருப்பதெல்லாம் கேட்டதுதானே என்று நினைத்தாளாம்.

தையல் முடிந்ததும் அவளிடம் பைக்குள்ளிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வரச்சொல்லி, கோடு போட்ட வரியை விரலால் காட்டிப் படித்தேன். 'இது இல்லாமல் ஊசி முனைகூட உடம்பில் படக் கூடாது.' இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அவளே வாங்கி, எழுத்துக்கூட்டுகிறவள் போல உதட்டை அசைத்துப் படித்தாள். பிறகு வெளியே போய்ச் சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்தாள். நான் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தேன். நிமிர்ந்ததும், "பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு சொன்னாரு சுண்டு. நான்தான் ஒவ்வொண்ணோட வாயையும் பொத்தினேன்" என்றாள்.

அண்ணி இனி அங்கே வரமாட்டாள். அவளுடைய துணிகளையும் மூக்குக் கண்ணாடியையும் அனுப்பிவை. கடிதம் எதுவும் வைக்காதே.

அன்று குட்டி கண்விழிக்க ஒரு மணி நேரம் ஆனது. அண்ணி அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மயக்கம் தெளிந்து அது முனகியது, பிறகு வீறிட்டது. அங்கே காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணியின் கை தானாகவே அதன் மூக்கருகே போனது. பாதியில் நின்றது. அதே கையால் முதுகைத் தடவிவிட்டாள்.

"கத்து," என்றாள். "நல்லாக் கத்து. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சுண்டு